இடக்கரடக்கலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பும்: தமிழ் நலவாழ்வு உரைநடை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கருப்பைவாய்ப் புற்றுநோய், முற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டு தடுக்கத்தக்க நோய். அதற்கான சோதனைக்குப் பெண்கள் வாராமைக்கு அவர்களது கூச்சமும் அறியாமையுமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். இக்கட்டுரை அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. கூச்சம் பெண்களிடம் இருப்பதைக் காட்டிலும் மிகுதியாக அவர்களை நோக்கி எழுதப்படும் உரைநடையில் இருக்கிறது என்றும், அவ்வுரைநடை கருவுற்றவளையும் நோயுற்றவளையும் மட்டுமே அறியும் என்றும், இரண்டும் அல்லாத பெண்ணுக்குரிய சொல் அதனிடம் இல்லை என்றும் வாதிடுகிறது. இடக்கரடக்கல் பற்றிய இலக்கண மரபு இவ்வாதத்திற்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இடக்கரடக்கல், அவையல் கிளவி, கருப்பைவாய், முன்சோதனை, மருத்துவத் தமிழ்

முன்னுரை

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இறக்கின்றனர். இந்நோய்க்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தொற்று நிலைபெற்றுப் புற்றாக மாறப் பொதுவாகப் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சில. அவகாசம் இருந்தும் இத்தனை இறப்புகள் நேர்கின்றன.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு எனவும் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு எனவும் பதிவு செய்கிறது. தமிழ்நாடு நாட்டின் சராசரியை விட ஐந்து மடங்கு முன்னே நிற்கிறது என்று இதனைப் பெருமையுடன் சொல்லலாம். பத்தில் ஒன்பது பெண்கள் வரவில்லை என்றும் சொல்லலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 2020 நவம்பரில் வகுத்த இலக்கு, 35 வயதிலும் 45 வயதிலுமாக 70 விழுக்காட்டுப் பெண்களைச் சோதித்தல் என்பதாகும்.

இவ்விடைவெளியை விளக்கும் கட்டுரைகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சென்று நிற்கின்றன: கிராமப்புறப் பெண்கள் கூச்சப்படுகின்றனர், விழிப்புணர்வு போதாது. இவ்விளக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. குறை சோதிக்கப்பட வேண்டியவளிடம் சேர்ந்துவிடுகிறது. அவளை அழைத்தவர் எவ்வாறு அழைத்தார் என்ற வினா எழுவதில்லை.

அம்பிளிக்கை தரும் எதிர்ச்சான்று

கூச்சமே தடை என்போர் விடை சொல்ல வேண்டிய சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கள ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையான 49,311 கிராமப் பெண்கள் சோதனைக்குரியவர்களாகக் கொள்ளப்பட்டனர். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்திட்டு தோன்றுகிறதா எனக் கண்ணால் பார்க்கும் எளிய முறையே பின்பற்றப்பட்டது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர். சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர், அதாவது ஏறத்தாழ 64 விழுக்காடு. 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகள், ஒப்பீட்டுக் குழுவை விட இக்குழுவில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததைக் காட்டின. உலகின் பல நாடுகள் இம்முறையைக் கைக்கொள்வதற்கு இவ்வாய்வும் ஒரு காரணமாயிற்று.

ஒரு கள ஆய்வின் வருகை விழுக்காட்டையும் மாநில அளவிலான கணக்கெடுப்பையும் நேருக்கு நேர் நிறுத்த இயலாது. வயது வரம்பு வேறு, உழைப்பின் அடர்த்தி வேறு. ஆயினும் ஒன்று தெளிவு. அதே மாவட்டங்களின் பெண்கள், அதே கூச்சத்துடன், அதே கல்விநிலையில், வீடு தேடிச் சென்று பேசியபோது மூவரில் இருவர் என்னும் அளவில் வந்தனர். ஆகவே ஆராயத்தக்கது, பேச்சாக இருந்தபோது செயற்பட்ட ஒன்று எழுத்தாக மாறுகையில் எதை இழக்கிறது என்பதே.

அவை எது?

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். அவருக்கு முன்னரே தொல்காப்பிய எச்சவியல், அவையிற் கூறத்தகாத சொற்களை மறைத்துக் கூறுதலை விதியாக்கியது. தமிழாய்வில் இவ்விதி பெரும்பாலும் தமிழரின் நாகரிக உணர்வுக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் இரண்டு கூறுகள் போதிய கவனம் பெறவில்லை.

முதலாவது, விதி இடத்தைச் சார்ந்தது. மறைக்கப்பட வேண்டியது அவைக்குப் பொருந்தாத சொல். சொல் தன்னளவில் இழிந்தது என்று தொல்காப்பியர் கூறவில்லை. அவை இல்லாத இடத்தில் அவ்விதிக்கு வேலையில்லை. இரண்டாவது, அடுத்த நூற்பாவே விதிவிலக்கு ஒன்றைத் தருகிறது: வழக்கில் பயின்று மருவிவிட்ட சொற்களை மறைக்க வேண்டியதில்லை. அதாவது, ஒரு சொல் மறைக்கத்தக்கதா என்பதை வழக்கே முடிவு செய்கிறது. நிலையான பட்டியல் ஏதும் இல்லை.

தமிழ் நலவாழ்வு உரைநடை இவ்விரண்டையும் மறந்து, விதியின் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. துண்டறிக்கை, சுவர் விளம்பரம், நாளிதழின் மருத்துவப் பக்கம் ஆகிய அனைத்தையும் அது அவையாகக் கருதுகிறது. மருத்துவமனையின் உள்ளறையும் அதற்கு அவைதான். விளைவாக, எங்கும் ‘பிறப்புறுப்பு’ என்ற ஒற்றைச் சொல் நிற்கிறது. வெளியுறுப்பு, யோனி, சிறுநீர்த் துளை ஆகியவற்றை அது ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. சில இடங்களில் கருப்பையும் அதனுள் அடங்கிவிடுகிறது. சங்கப் பாடல்களில் பயிலும் அல்குல் என்ற சொல் இடையைக் குறிக்கிறதா, அதன் கீழ்ப்பகுதியைக் குறிக்கிறதா, பெண்குறியைக் குறிக்கிறதா என்று தமிழறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்திற்குச் செலவான தாளில் ஒரு சிறு பகுதியேனும், இன்று உயிரோடிருக்கும் பெண் தன் உடலின் எப்பகுதியில் வலிக்கிறது என்று செவிலியிடம் சொல்வதற்கான சொல்லைத் தேடச் செலவாகவில்லை.

கூச்சத்தைச் சொல்லால் வெல்லாமல் ஏற்பாட்டால் வென்ற முன்னுதாரணம் ஒன்று சென்னையில் உண்டு. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் மக்கள் அழைக்கும் மருத்துவமனை 1885இல் மேரி ஷார்லீபின் முயற்சியால் தொடங்கியது. ஆடவர் முன் வாராத பெண்களுக்காகப் பெண் மருத்துவரையும் தனி இடத்தையும் அது அமைத்தது. அவை கலைக்கப்பட்டது, பெண்கள் வந்தனர். அம்பிளிக்கைச் செவிலியர் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

தமிழ்ப் பொது உரைநடையால் மறைப்பைக் கைவிட முடியாது என்பதும் உண்மையன்று. 2000களின் முற்பகுதியில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் தமிழகச் சுவர்களை நிறைத்தது. ஆணுறை என்ற சொல் அதற்குப் பின் மருவிய சொல்லாயிற்று. ஆனால் அவ்விளம்பரம் விளித்தது ஆடவரை.

பேறு என்னும் எல்லை

இன்றைய மருத்துவத் தமிழின் ஊற்றுகளுள் ஒன்று யாழ்ப்பாணத்து மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து நூல்களை மொழிபெயர்த்தார்; மாணவரைக் கொண்டும் மொழிபெயர்ப்பித்தார். பெண்ணுடலை மையப்பொருளாகக் கொண்டு அவ்வரிசையில் 1857இல் வெளிவந்தது, மோன்செல் என்பாரின் நூலைத் தழுவிய ‘பிரசவ வைத்தியம்’. மகப்பேற்று இறப்பு மலிந்த காலத்தில் அத்தேர்வு இயல்பானது. அதில் பிழை காண்பதற்கில்லை. எனினும் அச்சிட்ட மருத்துவத் தமிழில் பெண்ணுடல் நுழைந்த வாயில் பேறு என்பது பொருளற்ற செய்தியன்று. அவ்வாயில் இன்றும் மாறவில்லை. துறையின் பெயர் மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவம். திட்டங்களின் பெயர் தாய் சேய் நலம். பெண் என்பவள் ‘மற்றும்’ என்ற இடைச்சொல்லுக்குப் பின்னரே வருகிறாள்.

உறுப்புப் பெயர்களும் இவ்வாறே அமைந்துள்ளன. கருப்பை, கர்ப்பப்பை ஆகிய இரண்டும் கருவைத் தாங்கும் பை என்ற பொருளன. யோனிக்குக் கலைச்சொல்லாக்கத்தார் தந்த கலவிக் கால்வாய், புணர்புழை ஆகியவை கலவியால் பெயர் பெற்றவை. பிறப்புறுப்பு பிறப்பால் பெயர் பெற்றது. இலத்தீனச் சொல் கழுத்து என்று கண்டதைத் தமிழ் ‘வாய்’ என்று கண்டது. இஃது அழகிய ஆக்கம். கருப்பைக் கழுத்து என்ற நேர்மொழிபெயர்ப்பு வழக்கில் வேர்பிடிக்கவில்லை. ஆனால் ‘வாய்’ பெண்களுக்குப் பழகிய இடம் பேற்றறை. ‘வாய் திறந்துவிட்டது’ என்று அங்கே செவிலியர் கூறக் கேட்டவள், பிள்ளைப்பேறு முடிந்த பின் அவ்வாயைப் பற்றி நினைக்கக் காரணமில்லை. நோயோ, பேற்றுக்காலம் முடிந்த வயதிலேயே மிகுதியும் வெளிப்படுகிறது.

இப்பெயரீட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. கரு தாங்குவதற்கான பை, கரு தாங்கி முடிந்ததும் வேண்டாத பையாகிறது. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டமை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இத்தகைய அறுவைகளுக்கு அடிப்படை பணமும் காப்பீட்டுத் தொகையும் என்பதில் ஐயமில்லை. சொல்லின் மேல் பழி போட முடியாது. ஆனால் எடுக்காவிட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்ற அச்சுறுத்தலே பல பெண்களை இணங்க வைத்தது என்பது தொடர்ந்து பதிவாகியுள்ளது. சோதனைக்கு வரவிடாமல் தடுக்கும் அதே சொல், அறுவை மேசைக்குக் கொண்டு சேர்க்கிறது.

சோதனை என்ற சொல்லின் சுமை

நோய்க்குறி எதுவும் இல்லாதவரைச் சோதிப்பது வேறு. குறி உள்ளவருக்கு நோயை உறுதி செய்வது வேறு. தடுப்பு மருத்துவத்தின் உயிர்நாடி இவ்வேறுபாடு. தமிழில் இரண்டிற்கும் பரிசோதனை என்ற ஒரே சொல் வழங்குகிறது. முன்பரிசோதனை, தொடக்கநிலைப் பரிசோதனை, கண்டறியும் பரிசோதனை, ஸ்கிரீனிங் எனப் பல வடிவங்கள் அலைகின்றன, ஒன்றும் நிலைபெறவில்லை. சோதனை என்பதற்குத் தமிழில் துன்பம் என்ற பொருளும் உண்டு என்பதை எழுதுவோர் மறந்துவிடுகின்றனர், கேட்போர் மறப்பதில்லை.

‘கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை’ என்ற தொடரை ஓர் ஆரோக்கியமான நாற்பது வயதுப் பெண் எவ்வாறு வாசிப்பாள்? தனக்குப் புற்றுநோய் இருக்கலாம் என்று யாரோ ஐயுற்றதாகவே வாசிப்பாள். உண்மையில் அச்சோதனை பெரும்பாலும் தேடுவது புற்றுநோயையே அன்று. புற்றாக மாறக்கூடிய உயிரணு மாற்றங்களைத் தேடுகிறது. அவை பலவற்றைக் குளிர்வித்தோ சுட்டோ அன்றே அகற்றிவிடலாம். தேடப்படாத பொருளின் பெயரைச் சோதனைக்குச் சூட்டியிருக்கிறோம். இதற்கு மாற்றாக ‘கருப்பைவாய் முன்சோதனை’ என்று நோயின் பெயரை நீக்கி வழங்கலாம். பல் மருத்துவரிடம் செல்பவர் எவரும் ‘வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் செல்கிறேன்’ என்று கூறுவதில்லை.

இலங்கையின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. அங்கு 1996 முதல் நடைபெறும் மருத்துவ நிலையங்கள் 35 வயதுப் பெண்களை முதன்மை இலக்காகக் கொண்டு பாப் சோதனை செய்கின்றன. அவற்றின் ஆங்கிலப் பெயர் ‘வெல் உமன் கிளினிக்’. சிங்களத்தில் ‘சுவ நாரி’. நலமுடைய பெண்ணுக்கான இடம் என்பதே பொருள். நோயும் பேறும் அப்பெயரில் இல்லை. பெயர் மட்டுமே பெண்களைக் கொண்டுவந்துவிடும் என்று கொள்வதற்கில்லை; அழைக்கப்படுபவள் யார் என்பதையாவது அது சரியாகச் சொல்கிறது.

தூரமும் தாம்பத்தியமும்

மாதவிலக்கைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. தூரம், விலக்கு, ஒதுக்கம், வீட்டுக்கு வெளியே ஆகிய அனைத்தும் பெண் நிற்கும் இடத்தைக் கூறுகின்றன. உடலில் நிகழ்வதைக் கூறவில்லை. மரபு பழையது. புறநானூற்றின் 299ஆம் பாடல், பகைவரின் குதிரைகள் ஒடுங்கி நின்றமைக்கு, முருகன் கோட்டத்தில் கலம் தொடாது ஒதுங்கி நின்ற மகளிரை உவமையாக்குகிறது. தொல்காப்பியக் கற்பியலில் மாதந்தோறும் நிகழ்வதைக் குறித்த ‘பூப்பு’ என்ற சொல்லோ, இன்று முதற்பூப்பு ஒன்றையே குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. உடல் நிகழ்வைக் குறித்த சொல் சுருங்க, இடத்தைக் குறித்த சொற்கள் பெருகின.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கருப்பைவாய்ப் புற்றுநோயின் முதன்மை அறிகுறி, காலமல்லாத காலத்துக் குருதி: இரு விலக்குகளுக்கு இடையில், உடலுறவுக்குப் பின், விலக்கு முற்றிலும் நின்ற பின். இவற்றைப் பிரித்துணர, குருதி எப்போது வந்தது என்பதைச் சொல்லும் மொழி வேண்டும். விலகி நிற்பதை மட்டும் கூறும் சொற்களால் அப்பிரிவினையைச் செய்ய இயலாது. சித்த மருத்துவ மரபில் மிகைக் குருதிப்போக்கைக் குறிக்கப் ‘பெரும்பாடு’ என்ற சொல் உள்ளது. அளவைப் பற்றி உடல் சார்ந்து பேசும் அச்சொல்லும் இன்றைய துண்டறிக்கைகளில் இடம்பெறுவதில்லை.

உடலுறவுக்குப் பின் வரும் குருதியை விளக்க இவ்வுரைநடை கையாளும் சொல் ‘தாம்பத்தியம்’. இதைவிடப் பிழையான சொல்லைத் தேர்வது அரிது. கைம்பெண், மணமுறிவு பெற்றவள், கணவனால் கைவிடப்பட்டவள், மணமாகாதவள் ஆகியோர் அச்சொல்லைக் கண்ட மாத்திரத்தில் தமக்குரிய செய்தி அன்று என்று விலகிவிடுவர். தொற்றோ பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்து உள்ளே தங்கியிருக்கக்கூடியது. ஐம்பது வயதுக் கைம்பெண்ணுக்கு அவளது இன்றைய மணநிலை எவ்விதக் காப்பும் தராது. இடக்கரடக்கல் இங்கே சொல்லை மறைப்பதோடு நிற்கவில்லை, ஆட்களையும் மறைத்துவிடுகிறது.

மறைப்பின் மறுபக்கம் பழி. காரணங்களின் பட்டியலில் பலருடன் உறவு, தன்சுத்தமின்மை ஆகியவை முன்வரிசையில் நிற்பதைப் பரவலாகக் காணலாம். உடலுறவு கொள்ளும் மனிதரில் பெரும்பான்மையோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸ் தொற்றுக்கு உள்ளாகின்றனர். அவர்களில் பெரும்பாலோர்க்கு அது தானே மறைகிறது. இதனைக் கூறாது ஒழுக்கத்தைக் கூறும் அறிக்கையைப் படித்த பெண், சோதனைக்கு வந்து நிற்பதையே தன்மேல் தானே சாட்டும் குற்றமாக உணர்வாள். தன்சுத்த அறிவுரை இன்னும் நுட்பமான தீங்கு செய்கிறது: நாள்தோறும் குளித்துத் தூய்மையாக இருப்பவள் தனக்குச் சோதனை வேண்டியதில்லை என்ற முடிவுக்கு நேர்மையாகவே வந்துசேர்கிறாள்.

தன்மாதிரி எடுத்தலும் ஒரு வாக்கியமும்

இதுவரை இவ்வுரைநடையின் மறைப்பைச் செவிலியின் கை ஈடு செய்துவந்தது. பெண்ணுக்குச் சொல் தெரியாவிடினும் செவிலிக்கு இடம் தெரியும். அந்நிலை மாறுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் சோதனையை முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்ததோடு, அதற்கான மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஏற்றது. சிறு தூரிகை ஒன்றை யோனிக்குள் செலுத்திச் சுழற்றி எடுத்துக் குழலில் இட வேண்டும், அவ்வளவே. ஆடை களைந்து பிறர்முன் படுக்க வேண்டியதில்லை. கூச்சத்திற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை எனத் தோன்றும். ஆனால் செவிலியின் கை இருந்த இடத்தில் இப்போது ஒரு வாக்கியம் இருக்கும்.

‘பிறப்புறுப்பிலிருந்து மாதிரி எடுக்கவும்’ என்று அவ்வாக்கியம் அமையுமாயின், தூரிகை வெளியுறுப்போடு நின்றுவிடக்கூடும். சிறுநீர்த் துளையை நாடவும் கூடும். ‘யோனி’ என்று அமையுமாயின் பலருக்கு அது கோயிலிலும் சோதிடத்திலும் கேட்ட சொல்லாகவே ஒலிக்கும். ‘குழந்தை வெளிவரும் வழி’ என்பது தெளிவானது. பிள்ளை பெறாதவளை அது மீண்டும் வெளியே நிறுத்துகிறது. ‘சிறுநீர் வரும் துளைக்கும் மலவாய்க்கும் நடுவில், மாதவிலக்கின்போது குருதி வரும் வழி’ என்று எழுதலாம். விலக்கு நின்றவளுக்கும் பிள்ளை பெறாதவளுக்கும் மணமாகாதவளுக்கும் அத்தொடர் ஒருங்கே பொருந்தும். அதிலுள்ள எல்லாச் சொற்களும் எச்சவியல் விலக்களித்த வகையின. வீடுகளில் பெண்கள் தமக்குள் பேசும்போது பயில்பவை. அத்தொடரை வரைபடம் ஒன்றுடன் அச்சிடுவதற்கு முன், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெண்களிடம் வாசிக்கக் கொடுத்து, எவ்விடத்தில் அவர்கள் தயங்குகின்றனர் என்று பார்க்கும் பணி, மொழியியல் துறைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் இடையே இன்னும் தொடங்கப்படாமல் கிடக்கிறது.